நானும் கையெழுத்துப் போடுகிறேன்

விஜயநகர், மைசூர்
8.6.2024

அன்புத் தங்கை ஜோதிமணிக்கு,

அண்ணன் செந்தில்நாதன் எழுதுகிறேன். நான், உன் அண்ணி கனகா, பையன் தீபக் மூவரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? காவேரி படிப்பை முடித்துவிட்டு உன்னோடு வாயாடிக்கொண்டிருக்கிறாளா? போனில் பேசினால் நீயும் நானும் கொஞ்ச நேரத்திலேயே சண்டைக்கு நிற்கிறோம். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் இந்தப் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை. தபால்காரர் வேலையை என் பிரிவிலேயே இருக்கிற உன் வீட்டுக்காரரே சனிக்கிழமை தோறும் ஊருக்கு வரும்போது பார்ப்பதால் ஸ்டாம்ப் செலவும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை உன்னிடம் சொன்னாரோ என்னவோ. எங்கள் ஒலிபரப்பு வாரியத்தின் கம்ப்யூட்டர் பிரிவை அப்படியே ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். எல்லா ஸ்டேஷன்களின் கம்ப்யூட்டர் வேலையும் இனி அவர்கள் பொறுப்பு. வேலையை மட்டும் கொடுக்கவில்லை, ஆட்களையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வீட்டை விற்கும்போது ஆட்டுக்கல்லையும் விட்டுவிட்டுப் போவார்களே, அப்படி.

எங்களுக்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் அதே அறை, அதே நாற்காலி, சம்பளமும் கொஞ்சம் கூடும். ஆனால் வாரியத்து வேலையும் பென்ஷனும் போய்விடும். வாரியத்திலேயே இருக்கிறேன் என்றால் வேலை நிரந்தரம், ஆனால் பீதரோ கார்வாரோ அவர்கள் அனுப்புகிற ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை பீதர் பக்கம் சாய்கிறார். பீதர் போனால் சனிக்கிழமை மார்டள்ளிக்கு வந்து சேர முடியுமா? பொங்கலுக்குப் பொங்கல்தான் உன் வீட்டுக்காரரைப் பார்ப்பாய். நான் பிரிவுத் தலைவன். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் மேலிடத்தில் எனக்கும் மரியாதை, அதையும் மறைக்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். கொஞ்சம் எடுத்துச் சொல். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

காவேரிக்கு மாமாவின் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
செந்தில்நாதன்


மார்டள்ளி
16.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். கால் வலி இருக்கத்தான் இருக்கிறது, அதுவும் நம் குடும்பத்தில் ஒரு ஆள் ஆகிவிட்டது. அண்ணியைக் கேட்டதாகச் சொல். போன் செய்தால் எடுக்கவே மாட்டேன் என்கிறார்கள், நான் என்ன கடனா கேட்கப் போகிறேன்?

உன் கடிதத்தைப் படித்ததும் அவரிடம் கேட்டேன். சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "ஜோதி, நிரந்தர வேலைய நம்மளே எழுதிக் குடுத்துட்டா அப்பறம் யாரைக் கேக்கறது?" என்றார். அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதற்குமேல் நானும் விடாமல், "எங்கண்ணனே போடறேங்கறாரு, உங்களுக்கு என்னங்க?" என்றேன். "மச்சான் வர்றாருன்னா நானும் வர்றேன். அவரு வரலீன்னா நான் பீதருக்கே போய்க்கறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணி காட்டினார்.

அதனால் நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ நிச்சயமாகப் போடுகிறாய்தானே? நம் பக்கத்தில் மலை மாதேஸ்வரன் மேல் ஆணையிட்டுச் சொன்னால் அதற்கு அப்புறம் கேள்வி கிடையாது. நீயும் மைசூருக்குப் போய் சூட் போட்டுக்கொண்டாலும் இந்த ஊர்க்காரன்தான். ஆணையிட்டு ஒரு வரி எழுது. நான் அவரைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோதிமணி


மைசூர்
22.6.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலம், அங்கே மழை பெய்ததா? சூட் எல்லாம் என்னிடம் இல்லை. தீபக்கின் பள்ளி விழாவுக்குப் போட்டது வாடகைச் சூட்.

மாதேஸ்வரன் ஆணையாகச் சொல்கிறேன், மாப்பிள்ளை எங்கே போகிறாரோ அங்கே நானும் போகிறேன். போதுமா? இதை எழுதும்போது கனகா எட்டிப் பார்த்து, "இதுக்கெல்லாமா சாமியைக் கூப்பிடுவாங்க?" என்றாள். எங்கள் ஊரில் இதற்குத்தான் கூப்பிடுவோம் என்றேன்.

அவரைத் தைரியமாகப் போடச் சொல். ஒரே அறையில்தான் இருக்கப் போகிறோம்.

அன்புடன்,
அண்ணன்


மைசூர்
2.8.2024

மாப்பிள்ளை லிங்கப்பனுக்கு வணக்கம்.

வழக்கமாக ஜோதிக்கு எழுதியதைத்தான் உங்கள் சாப்பாட்டுப் பையில் வைப்பேன். இது உங்களுக்கே எழுதியது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

போன வாரம் நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்று என் தாளும் மேஜையில்தான் இருந்தது. மதியம் டைரக்டர் கூப்பிட்டார். கம்பெனி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வாரியத்தின் ஆள் ஒருவர் மைசூரிலேயே வேண்டும், நீங்கள் இருங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். வீட்டுக்கு வந்தால் கனகா வீட்டுக் கடனைச் சொன்னாள், தீபக்கின் காலேஜைச் சொன்னாள். காலையில் போய்ச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதைவிட மோசமானது ஒன்று. உங்கள் தாள்கள் மறுநாள் மாலைதான் மேலே போயின. அதற்குள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் தாளைத் திரும்ப வாங்கியிருப்பீர்கள். நீங்கள் வாங்கினால் மற்றவர்களும் வாங்குவார்கள், டைரக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

நேற்று, கம்பெனி பொறுப்பேற்ற முதல் நாள், மாடிப்படியில் என் கழுத்தில் வாரியத்து அடையாள அட்டையின் பழைய நீலப் பட்டையைப் பார்த்தீர்கள். உங்கள் கழுத்தில் கம்பெனியின் ஆரஞ்சுப் பட்டை. சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஜோதியிடம் நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செந்தில்நாதன்


மார்டள்ளி
8.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நேற்றுப் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை செய்தேன். உனக்கும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். மைசூர் போவதற்குள் அது கல்லாகிவிடும், சூடு பண்ணிச் சாப்பிடு. என்ன, இரண்டரை மாதமாகக் கடிதத்தையே காணோம்? புதுக் கம்பெனி வந்ததும் பெரிய ஆள் ஆகிவிட்டாயா?

அவர் தன் புது அடையாள அட்டையைக் காட்டினார். போட்டோவில் கோழி திருடப் போனவர் மாதிரி முழிக்கிறார். காவேரி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். உன் அட்டையில் எப்படி இருக்கிறாய்? அதுவும் ஆரஞ்சுக் கலர்தானா? அவரிடம் கேட்டால், "மச்சானைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. முன்பே அளந்துதான் பேசுவார், உனக்குத் தெரியும்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரேடியோவில் செய்தி நடுவில் நின்றுபோய், ரொம்ப நேரம் கழித்து ஏதோ வீணை வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

அண்ணிக்கும் தீபக்குக்கும் என் அன்பு.

ஜோதி


மைசூர்
19.10.2024

அன்புத் தங்கைக்கு,

தசராக் கூட்டத்தில் இந்த ஊரே திணறிப்போய் இப்போதுதான் மூச்சு விடுகிறது. நாங்கள் சுகம். கொழுக்கட்டை கல்லாகவில்லை, நன்றாகவே இருந்தது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

செய்தி நின்ற கதையைக் கேள். லிங்கம்மா மேடம் என்று ஒரு செய்தி வாசிப்பவர். வாசிக்கும் நேரத்தில் அவர் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. முன்பெல்லாம் கதவைத் திறந்து, "லிங்கப்பா!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மாப்பிள்ளை ஓடுவார். இப்போது கம்பெனிக்குப் போன் செய்து புகார் எண் வாங்க வேண்டும், அந்த எண் இல்லாமல் யாரும் மிஷினைத் தொடக்கூடாது. அந்த அம்மாள் ஓடிவந்து, "லிங்கப்பா, ஸ்வல்ப நோடப்பா", கொஞ்சம் பாரப்பா என்று கன்னடத்தில் கெஞ்ச, இவர் கையைக் கட்டிக்கொண்டு, "நம்பர் வேணும் மேடம்" என்று நிற்க, இருவரும் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். எண் வருவதற்குள் செய்தி நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் ஆபீஸ் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாமதத்துக்காகக் கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. மாப்பிள்ளைக்கும் ஒரு திட்டு விழுந்தது. நாற்காலி என்னவோ அதே நாற்காலிதான்.

மஞ்சள் இந்த வருஷம் எப்படி? காவேரிக்கு வரன் பார்க்க ஆரம்பித்தாயிற்றா?

அன்புடன்,
அண்ணன்


மார்டள்ளி
19.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வருகிறவன் இந்த முறை வரவில்லை. அவரிடம் கேட்டால், "அவருக்கு வேலை இருக்கும்" என்கிறார். அதே கம்பெனியில் இவருக்கு லீவு உண்டு, உனக்குக் கிடையாதா? அட்டைக் கலரைக் கேட்டதற்கும் பதில் இல்லை. பயப்படாதே, நீயும் கோழித் திருடன் மாதிரிதான் இருப்பாய் என்று தெரியும்.

நல்ல செய்தி ஒன்று. காவேரிக்கு ஹனூரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் கவின்ராஜ், உரக்கடை வைத்திருக்கிறான். முகம் கொடுத்துப் பேசுகிறான். தாய்மாமன் நீ வந்து பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்த பேச்சு என்று சொல்லிவிட்டேன். உனக்குத் தோதுப்படவில்லை என்றால் எழுது.

அவர் மெலிந்துவிட்டார், அண்ணா. நீ பக்கத்திலேயே இருக்கிறாய் என்றுதான் நான் தைரியமாக இருக்கிறேன். கொஞ்சம் கவனித்துக்கொள்.

ஜோதி


மார்டள்ளி
20.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது. என் பொங்கல் கடிதத்துக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நேற்று அவர் வந்து உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொன்னார். கம்பெனி அந்த வேலையை எல்லாம் வேறு ஊரில் இருக்கிற அவர்கள் ஆபீசுக்கே மாற்றப் போகிறதாம். மைசூரில் இருப்பவர்களுக்கு ஆடி வரைக்கும்தான் வேலையாம். வாரியத்துக்குத் திரும்பிப் போகவும் வழியில்லையாம். "அப்ப எங்கண்ணனுக்கு?" என்று கேட்டேன். "அவர் கதைய அவரையே கேளு" என்று எழுந்து வெளியே போய்விட்டார். உன்னைப் பற்றிப் பேசக்கூட அவருக்கு மனசு வரவில்லை, பாவம்.

இவருக்காவது இங்கே நிலம் இருக்கிறது. உனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, தீபக் படிக்கிறான். நான் அழுதது உனக்காகத்தான். இவரை நினைத்து அழுகை வரவில்லை, எப்படியும் இனி வீட்டோடு இருப்பாரே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. என் வீட்டுக்காரருக்குத் துணையாக நீ கையெழுத்துப் போட்டாய். நான் ஆணை கேட்காமல் இருந்திருந்தால் நீயாவது தப்பித்திருப்பாயோ என்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

யோசித்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். நம் தோட்டத்துக்குப் பக்கத்தில் மல்லப்பனின் காடு சும்மா கிடக்கிறது. அதைக் குத்தகைக்குப் பேசிவிட்டேன், உன் பேரையும் அவர் பேரையும் சேர்த்துச் சொல்லி. உனக்குக் களை வெட்டத் தெரியாது என்று ஊருக்கே தெரியும். தண்ணீர் கட்டினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணியைக் கூட்டிக்கொண்டு வா. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், நான் இருக்கிறேன்.

ஜோதி


மைசூர்
25.4.2025

மாப்பிள்ளைக்கு,

உங்களிடம் நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜோதியின் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். உங்கள் கையால் கொண்டுவந்த கடிதத்தில் அவள் எனக்குக் காடு பிடித்துக் கொடுத்திருக்கிறாள். படித்துவிட்டுப் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் தின்கிற சோறு என் உடம்பில் ஒட்டவில்லை. உங்கள் ஆட்கள் போவதற்கான அந்த உத்தரவை வாரியத்தின் சார்பில் பார்த்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதி அனுப்பியதும் நான்தான். எழுதாமல் இருந்தாலும் அது நின்றிருக்காது. ஆனால் எழுதியவன் நான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். அவள் காலில் விழுந்தாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்குமேல் என்னால் முடியாது.

செந்தில்நாதன்


மைசூர்
26.4.2025

மச்சானுக்கு வணக்கம்.

லிங்கப்பன் எழுதுவது. நான் சுகம். உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு உங்கள் இருவரைப் போல எழுத வராது.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்த ஒரு நாளில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தாளைத் திரும்ப வாங்கியிருப்பேன். பீதரில் இருந்திருப்பேன், வேலை இருந்திருக்கும். ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றவனைப் போட வைத்தது ஜோதி. உங்கள் வார்த்தையை நம்பி, தினம் ஒரு தரம் போனில் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். அது பொய்யாகப் போனது என்று தெரிந்தால் உங்களைத் திட்ட மாட்டாள். என் வேலை தன்னால்தான் போனது என்று தன்னையே திட்டிக்கொண்டு கிடப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். வேலை போனதை அவள் தாங்கிக்கொண்டாள். இதைத் தாங்க மாட்டாள். மகள் கல்யாணம் வேறு வருகிறது.

உங்கள் நெஞ்சில் பாரம் இருந்தால் அதை நீங்களே சுமந்துகொள்ளுங்கள். அவள் தலையில் இறக்கி வைக்காதீர்கள். நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வாயையும் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
லிங்கப்பன்


மார்டள்ளி
10.8.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது, நம் தபால்காரர் இப்போது தோட்டத்தில் இருக்கிறார். நீங்கள் மூவரும் நலம்தானே? மே மாதம் நீ எழுதிய நாலு வரியைப் பார்த்தேன். மைசூரிலேயே ஏதாவது பார்த்துக்கொள்கிறேன், ஹனூர்ப் பையனை உங்களுக்குப் பிடித்திருந்தால் எனக்கும் சரி என்று எழுதியிருந்தாய். சரி, வற்புறுத்தவில்லை. உன் காட்டில் நானே மக்காச்சோளம் போட்டுவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது. உன் பங்கு உனக்குத்தான்.

காவேரிக்கு ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை முகூர்த்தம். ஹனூரில் மண்டபம். அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் தாய்மாமன் நீ, அதை யாரும் எனக்காகச் செய்ய முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்க வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் சீர் செய்கிறேன் என்று எங்கேயும் போய்க் கடன் வாங்காதே. பட்டுச் சேலை வேண்டாம். ஒரு நூல் சேலை, தேங்காய் பழம், பூ, அது போதும்.

பஞ்சவர்ணம் அத்தை நாலு பேருக்கு நடுவில், "உங்கண்ணன் என்ன சீர் கொண்டு வர்றான்?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். "எங்கண்ணன் எங்க வீட்டுக்காரருக்குத் தொணையா நின்னு வேலையவே உட்டுப்போட்டு வந்தவருங்க. அவரு வந்து சபையில நின்னாலே அதான் சீரு" என்று சொன்னேன். இப்போது ஊரில் எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் காளியப்பன், "அப்படிப்பட்ட ஆளை நான் பாக்கோணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பந்தியில் உன்னை அவர் பக்கத்தில்தான் உட்கார வைக்கப் போகிறேன்.

கட்டாயம் வர வேண்டும். சீக்கிரமாக வர வேண்டும்.

உன் தங்கை,
ஜோதிமணி


மைசூர்
16.8.2025

அன்புத் தங்கைக்கு,

கடிதமும் பத்திரிகையும் கிடைத்தன. நாங்கள் சுகம். காவேரிக்கு எங்கள் ஆசீர்வாதம். கனகாவும் தீபக்கும் என்னோடு வருகிறார்கள்.

நீ சொன்னபடியே நூல் சேலைதான் கொண்டுவருகிறேன். காவேரிக்குப் பிடித்த மாம்பழ நிறத்தில் எடுத்திருக்கிறோம். அத்தையிடம் நீ அப்படிப் பேசியிருக்க வேண்டாம். பேசிவிட்டாய், இனி என்ன செய்வது. காளியப்பன் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் வீட்டுக்காரரைத் தனியாக அலைய வேண்டாம் என்று சொல். எனக்கும் இப்போது வேலை இல்லைதானே, மூன்று நாள் முன்பே வந்து பந்தல் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
செந்தில்நாதன்